எறும்பின் தலையும் எஃகுக் கிளிப்பும்: முதியோர் குடலில் விழும் ஓட்டையைப் பற்றி

மலர்க் குழுவினர் வருடாவருடம் என்னிடம் கேட்பது சமணக் கல்வெட்டைப் பற்றியோ, மேல்சித்தாமூர் மடத்தைப் பற்றியோ ஒரு கட்டுரை. இந்த வருடம் குடலைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் செயலாளர் சிரித்தார். துணிக்கடைக்காரனுக்கும் குடலுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று வாசகர்களும் கேட்கலாம். ஆகாரம், அபயம், ஔஷதம், சாத்திரம் என்று நான்கு தானங்களை எங்கள் நயினார் குடும்பங்களில் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுப்பார்கள். ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்று மருந்தின் பெயரையே நூலுக்கு வைத்த கணிமேதாவியாரும் காரியாசானும் சமணர்கள்தாம். ஔஷத தானம் செய்ய நான் வைத்தியன் அல்லன். படித்துத் தெரிந்துகொண்டதையும், வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டதையும் நாலு பேருக்குச் சொல்வது சாத்திர தானத்தில் சேரும் என்று ஒரு சமாதானம். எழுதியதை ஒரு டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டேன்.

பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2019-இல், சாங்வியில் என் கடைக்கு இரண்டு தெரு தள்ளி மகனோடு இருக்கும் அக்கா வீட்டுக்காரருக்கு, எங்கள் மாமாவுக்கு, வயது 76. மலத்தில் ரத்தம் கண்டது. கொலோனோஸ்கோபி செய்து பார்க்கச் சொன்னார்கள். பெரிய ஆஸ்பத்திரிதான், பெயர் வேண்டாம். மதியம் டெஸ்ட் முடிந்து, நாலு மணிக்கு ஆட்டோவில் வீடு வந்து, ஒரு டம்ளர் கஞ்சியும் குடித்தார். பொழுது சாயும்போது வயிறு வலிக்கிறது என்றார். அக்கா ஓம வாட்டர் கொடுத்தாள், தொப்புளைச் சுற்றிப் பெருங்காயம் தடவினாள். எட்டு மணிக்கு வலி கூடியது. "சுருக்குனு குத்துதுடா, அப்புறம் இழுத்துப் புடிக்குது, மேல உப்பிக்கிட்டு வருது" என்று மாமா பேரனிடம் சொன்னார். பேரன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு மராத்தியில் சொன்னது இரண்டே வார்த்தை: "கேஸ் ஜாலாய்." டெஸ்டில் காற்று விட்டிருப்பார்கள், போய்விடும், கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கள் என்று அங்கிருந்து பதில். நானும் அங்கேதான் இருந்தேன். நடக்கவிட்டோம். 76 வயது மனிதரைக் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக, பத்து மணி வரை.

விடிகாலையில் காய்ச்சல். வயிறு தொட்டால் பலகை மாதிரி. சி.டி. ஸ்கேன் எடுத்தபோது குடலுக்கு வெளியே, இருக்கக் கூடாத இடத்தில், காற்று. பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் ஒரு ஓட்டை. அதன் வழியாக ராத்திரி முழுக்க அழுக்கு கசிந்திருக்கிறது. வயிற்றைத் திறந்து, கெட்டுப்போன துண்டை வெட்டி எடுத்து, மேல் நுனியை வயிற்றின் மேல்புறம் திறந்து பை மாட்டினார்கள். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. ஐந்து மாதம் பை. பிறகு இன்னொரு ஆபரேஷன் செய்து குடலை இணைத்தார்கள். மாமா பிழைத்தார். ஆனால் அந்தச் சர்ஜன் கிளம்பும்போது சொன்ன ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. ராத்திரியே வந்திருந்தால் வயிற்றைக் கிழிக்காமல், வந்த வழியிலேயே உள்ளே போய் அடைத்துப் பார்த்திருக்கலாம் என்றார். அதற்கப்புறம்தான் நான் படிக்க ஆரம்பித்தேன்.

பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம். சுவர் சில மில்லிமீட்டர் கனம்தான். வலப்பக்கம், சிறுகுடல் வந்து சேரும் இடத்தில், அதிலும் மெல்லியது. உள்ளே போகிற குழாயோ ஆள்காட்டி விரல் தடிமன். கீழ்ப்பகுதியில் குடல் பாம்பு மாதிரி வளைந்து கிடக்கிறது. அந்த வளைவில் குழாய் முண்டும்போது நுனி குத்தலாம். நுனி குத்தாமலே, குழாயின் உடல் வளைந்து ஒரு பக்கத்துச் சுவரை இழுத்துக் கிழிக்கலாம். இது முதல் வகை. உள்ளே பார்ப்பதற்காகக் குடலைக் காற்றால் விரிப்பார்கள். காற்று மிஞ்சினால் குடல் வெடிக்கலாம், அதுவும் குழாய் நிற்கும் இடத்தில் அல்ல, குடல் அகலமாக இருக்கும் வலக்கோடியில். அகலமான பலூன்தான் சுவரில் அதிக இழுவிசையைத் தாங்குகிறது என்பது பௌதிகம். இது இரண்டாவது. மூன்றாவது சூடு. பாலிப் என்கிற சதை முளையைச் சுருக்குக் கம்பியால் மின்சாரம் கொடுத்து அறுக்கும்போது அடியில் சுவர் வெந்துபோகலாம். அது அன்றைக்கே தெரியாது. ஒருநாள் இரண்டுநாள் கழித்து, சில சமயம் அதற்கும் பிறகு, வெந்த இடம் உதிர்ந்து ஓட்டையாகும்.

பயமுறுத்துவது என் நோக்கமல்ல. வெறுமனே பார்க்க மட்டும் செய்யும் கொலோனோஸ்கோபியில் ஓட்டை விழுவது, பெரும்பாலான கணக்குகளில், ஆயிரம் பேருக்கு ஒருவர் அல்லது அதற்கும் குறைவு. பெரிய பாலிப்பை அறுத்தெடுத்தால் கூடுதல். வயது ஏற ஏறவும் கூடுதல். முதியவர்களுக்குக் குடல் சுவரில் சின்னச் சின்னப் பைகள் புடைத்திருக்கும், மாமாவுக்கு இருந்தது போல; பழைய ஆபரேஷனால் குடல் ஒட்டிக்கொண்டு நெகிழாமல் இருக்கும்; ஆஸ்துமாவுக்கும் மூட்டுக்கும் வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு தின்றவர்களுக்குச் சுவர் இளைத்திருக்கும். துணிக்காரன் பாஷையில் சொன்னால், நைந்த வேட்டி. புது வேட்டியில் கிழியாத இழுப்பு இதில் கிழியும்.

கிழிந்தால் என்ன செய்வது? இங்கேதான் நம் நாட்டுப் பழைய சமாசாரம் ஒன்று வருகிறது. சுஸ்ருத சம்ஹிதையில் வயிற்று நோய்ச் சிகிச்சையில், குடல் ஓட்டையாகிக் கசியும் நிலைக்கு ஒரு முறை சொல்லியிருக்கிறது. தொப்புளுக்குக் கீழே இடப்பக்கம் கீறி, குடலை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, ஓட்டையின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்து, பெரிய கறுப்பு எறும்புகளை அதன்மேல் கடிக்கவிட வேண்டும். கொடுக்கு இறுகியதும் உடலை நறுக்கிவிட வேண்டும். தலை மட்டும் கவ்வியபடி நிற்கும். குடலை உள்ளே தள்ளி வெளிக் காயத்தைத் தைக்க வேண்டும். சரகத்திலும் இதே எறும்பு வருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினின் கோர்டோபா பக்கம் வாழ்ந்த அரபு வைத்தியர் அல் ஸஹ்ராவியும் எறும்பைச் சொல்கிறார். (எறும்பை மிதிக்காமல் நடக்கச் சொல்லி வளர்க்கப்பட்ட எனக்கு இதைப் படித்தபோது உடம்பு கூசிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடிக்க விட்டாலும் பரவாயில்லை, தலையை வேறு நறுக்குகிறார்கள்.) எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பது வேறு விஷயம். யோசனை சரியான யோசனை. நூல் கோத்துத் தைக்க முடியாத இடத்தில் இரண்டு ஓரங்களையும் ஒரு கொடுக்கு கவ்வி நின்றால், சதை தானே கூடிக்கொள்ளும். அதற்குள் எறும்புத் தலை கரைந்துவிடும்.

எறும்பு கிளிப் ஆவதற்கு முன்னால், உள்ளே பார்க்கக் கண் வேண்டியிருந்தது. அதில் ஓர் இந்தியர் பங்கு உண்டு. பஞ்சாப் மோகாவில் 1926-இல் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹெரால்ட் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, முடிபோன்ற கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டினால் வளைந்த வழியிலும் படம் வரும் என்று 1954-இல் காட்டினார். நம் வீட்டு இன்டர்நெட்டுக்கு வரும் இழைக்கும் இவர்தான் ஒரு தாத்தா, 2020-இல் காலமானார். அதை வைத்து அமெரிக்காவில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் வளையும் உள்நோக்கியைச் செய்து, முதலில் தானே விழுங்கிப் பார்த்து, 1957-இல் உலகுக்குக் காட்டினார். 1969-இல் நியூயார்க்கில் வோல்ஃப், ஷின்யா என்ற இருவர் பெருங்குடலுக்குள் குழாய் விட்டதோடு, அதன் வழியே கம்பியை அனுப்பிப் பாலிப்பையும் அறுத்தார்கள். கிளிப் 1970-களில் ஜப்பானில் பிறந்தது, ரத்தக் கசிவை நிறுத்துவதற்காக. குழாயின் உள்துளை வழியாக நுழைந்து, நுனியில் இரண்டு கொடுக்காக விரிந்து, கவ்வியதும் கம்பியிலிருந்து கழன்று அங்கேயே நின்றுவிடும். 1993-இல் இரைப்பை ஓட்டையையும், 1997-இல் பெருங்குடல் ஓட்டையையும் இப்படி அடைத்த செய்திகள் வெளிவந்தன. பிற்பாடு ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்தில் ஒரு பெரிய கிளிப் செய்தார்கள். அது குழாயின் முனையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும். ஓட்டையை உள்ளே உறிஞ்சி, கரடி நகம் போல் முழுச் சுவரையும் சேர்த்துக் கவ்வும்.

எல்லா ஓட்டைக்கும் கிளிப் ஆகாது. சின்ன ஓட்டையாக இருக்க வேண்டும்: ஒரு சென்டிமீட்டருக்குள் என்றால் சாதாரண கிளிப்பே போதும், இரண்டு சென்டிமீட்டர் வரை பெரிய கிளிப்பில் முயலலாம் என்பது பொதுக் கணக்கு. குடல் சுத்தமாக இருக்க வேண்டும். முக்கியமாக, சீக்கிரம் தெரிய வேண்டும். டெஸ்ட் மேஜையிலேயே டாக்டர் கண்ணில் பட்டால் அதுதான் உத்தமம். சில மணி நேரத்துக்குள் தெரிந்து, வயிற்றுக்குள் அழுக்கு பரவாமல் இருந்தால், மறுபடி உள்ளே போய் அடைக்க இடமுண்டு. நேரம் போகப் போக அந்த இடம் சுருங்குகிறது. வயிறு முழுக்க அழற்சி வந்துவிட்டால் கிளிப் பேச்சே இல்லை, கத்திதான். மாமாவுக்கு ஆனது அதுதான். காலை ஏழு மணிக்குப் பழுத்த ஓட்டை, முந்தின நாள் எட்டு மணிக்கு வெறும் ஓட்டையாக இருந்தது.

அப்படியானால் எட்டு மணிக்கு நாங்கள் எதைக் கவனித்திருக்க வேண்டும்? இதுதான் வெளிமாநிலத்தில் இருக்கிற நமக்கு. காற்றினால் வரும் வலி காற்று பிரியப் பிரியக் குறையும். மணிக்கு மணி இலேசாகும். ஓட்டையின் வலி கூடும். அசைந்தால், இருமினால், பலமாகக் குத்தும். வயிறு உப்பி இறுகும், சில பேருக்குத் தோளில் வலி தெரியும், பிறகு காய்ச்சல், படபடப்பு. ஆனால் முதியவர்களுக்கு இத்தனையும் வரிசையாக வந்து சொல்லாது. வயிற்றுச் சதை தளர்ந்திருப்பதால் பலகை போல் இறுகாமலே இருக்கலாம். ரத்தக் கொதிப்பு மாத்திரை சில வகை நாடித் துடிப்பை ஏறவிடாது. ஸ்டீராய்டு, வலி மாத்திரை எடுப்பவர்களுக்கு வலியும் காய்ச்சலும் அமுங்கிக் கிடக்கும். சாப்பாடு வேண்டாம் என்று சுருண்டு படுப்பது, பேச்சு குழறுவது, இதுவே முதல் அறிகுறியாக இருக்கலாம். ஆகவே, வயிறு கல்லாகட்டும், காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. டெஸ்டுக்குப் பிறகு இரண்டு மூன்று மணி நேரத்தில் குறையாத வலி, அல்லது கூடும் வலி, அது ஒன்றே போதும் திரும்பிப் போவதற்கு. போகும்வரை வாயில் ஒன்றும் கொடுக்காதீர்கள். ஓம வாட்டர், கஷாயம், கஞ்சி, பேதி மருந்து, வலி மாத்திரை எதுவும். நடக்கவும் விடாதீர்கள்.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். மாமா மூன்று வலியைச் சொன்னார். பேரன் அதை ஒரு "கேஸ்" ஆக்கிவிட்டான். அவன்மேல் குற்றமில்லை; புனேயில் பிறந்த பிள்ளை, தாத்தாவின் தமிழ் அவனுக்குப் பாதிதான் புரியும். தமிழ்நாட்டில் இருந்தால் மாமாவே போனைப் பிடுங்கிப் பேசியிருப்பார். மும்பையிலும் நாக்பூரிலும் பெங்களூரிலும் நம் பெரியவர்கள் எல்லோருடைய வலியும் இப்படி ஒரு பேரன் பேத்தியின் வாய் வழியாகத்தான் டாக்டரிடம் போகிறது. அதனால் இந்த நாலு சொல்லையாவது மராத்தியில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வையுங்கள்: வலி கூடிக்கொண்டே போகிறது என்றால் "துக்கண வாட்தய்"; வயிறு உப்பிவிட்டது, "போட் ஃபுக்லய்"; வயிறு இறுகிவிட்டது, "போட் கடக் ஜாலய்"; காய்ச்சல், "தாப் ஆலாய்". "கேஸ்" என்ற சொல்லை மட்டும் நாமாகச் சொல்லாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அது வியாதியை நாமே தீர்மானித்துச் சொல்லும் சொல். என்ன தெரிகிறதோ அதைச் சொன்னால் போதும், எத்தனை மணிக்கு டெஸ்ட் நடந்தது என்பதோடு. போனில் முடிக்காமல் நேரே போய்விடுவது இன்னும் நல்லது. டெஸ்ட் முடிந்த அன்று ராத்திரியே ரயிலேறி ஊருக்குப் புறப்படும் வழக்கமும் நம்மவர்களிடம் உண்டு. சோலாப்பூர் தாண்டி வலி எடுத்தால் என்ன செய்வீர்கள்?

2022-இல் அக்காவுக்கு முறை வந்தது. வயது 72. ரத்தம் குறைந்துகொண்டே போயிற்று, இரும்பு மாத்திரைக்கு ஏறவில்லை. குடலைப் பார்த்தாக வேண்டும் என்றார் டாக்டர். "அவரைப் படுத்தின பாடு போதாதா, இனிமே எனக்கு எதுக்கு" என்று அக்கா மறுத்தாள். இன்னொரு தடை, இரவு உண்ணாமை. பொழுது சாய்ந்தால் தண்ணீர்கூடத் தொடாதவள். குடலைக் கழுவும் மருந்தையோ முதல்நாள் ராத்திரியும் விடிகாலையும் பாதி பாதியாகக் குடிக்கச் சொல்வார்கள். விரதத்தை விடச் சொல்லி நாங்கள் யாரும் வற்புறுத்தவில்லை. டாக்டரிடம் அப்படியே சொன்னோம். அவர் யோசிக்கக்கூட இல்லை. டெஸ்டை மதியம் இரண்டரை மணிக்கு வைத்துக்கொள்வோம், முழு மருந்தையும் சூரியன் உதித்த பிறகு குடித்து முடிக்கட்டும், அதுவும் சரியான முறைதான் என்றார். (பாஸ்பேட் உப்பு வகை வாய்வழி மருந்து வயதானவர்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2008-இல் கடுமையாக எச்சரித்தது. எந்தப் பொடி கொடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.) அஷ்டமி சதுர்த்தசி உபவாசம் பழகியவளுக்குப் பட்டினி ஒரு பொருட்டாக இல்லை. பாத்ரூமுக்குப் போய் வரும்போது விழாமல் மருமகள் கூடவே இருந்தாள்.

வலப்பக்கக் குடலில் பட்டையாக ஒரு பாலிப். அறுத்து எடுத்ததும் அடியில் பட்டாணியளவுக்கும் குறைவாக ஒரு ஓட்டை தெரிந்திருக்கிறது. அங்கேயே நாலு கிளிப் போட்டு அடைத்துவிட்டு, டாக்டர் வெளியே வந்து ஒளிக்காமல் எங்களிடம் சொன்னார், திரையில் காட்டினார். வரிசையாக நாலு கொடுக்கு. எனக்குச் சுஸ்ருதர் ஞாபகம் வந்தது. அந்த நேரத்தில் அதை யாரிடம் சொல்வது? குடல் சுத்தமாக இருந்தது ஒரு அதிர்ஷ்டம். சாதாரணக் காற்றுக்குப் பதில் கரியமில வாயுவை உபயோகித்தது இன்னொன்று. அது உடம்பில் சீக்கிரம் கரைந்து மூச்சு வழியே போய்விடும், வயிற்றுக்குள் கசிந்தாலும் இறுக்கிப் பிடிக்காது. கிளிப் போட்டதோடு முடியவில்லை. சர்ஜனையும் அழைத்துப் பார்க்கச் சொன்னார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு நாள் வாயில் ஒன்றும் கிடையாது, குளுக்கோஸும் ஆன்டிபயாட்டிக்கும். நிலைமை சறுக்கினால் ஆபரேஷன் என்று முன்கூட்டியே கையெழுத்தும் வாங்கினார்கள். கிளிப் போட்டவர்களில் சிலருக்கு அப்படி ஆகும். மேற்பார்வை இல்லாமல் கிளிப்பை நம்பக் கூடாது. மாமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மணிக்கொரு தரம் நர்ஸைக் கூப்பிட்டு, வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லித் தொந்தரவு செய்தார். ஐந்தாம் நாள் அக்கா வீட்டுக்கு வந்தாள்.

இரண்டு பேருக்கும் ஓட்டை ஒன்றுதான். ஒருவருக்குப் பத்தொன்பது நாளும் ஐந்து மாதப் பையும், எங்கள் கடையின் இரண்டு தீபாவளி லாபமும் போயிற்று. மற்றவருக்கு நாலு கிளிப்.

டெஸ்ட் இல்லாமலேயும் முதியவர் குடலில் ஓட்டை விழும், அதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். மாத்திரை அட்டையைத் துண்டு துண்டாகக் கத்தரித்து டப்பாவில் போட்டு வைக்கிறோமே, கண் மங்கிய பெரியவர்கள் மாத்திரையை உரிக்காமல் அட்டைத் துண்டோடு விழுங்கிவிடுவதுண்டு. அதன் கூர் முனை உணவுக் குழாயையோ குடலையோ குத்தும். கழன்ற பல்செட்டும் அப்படியே. வயிற்றைத் தாண்டுமுன் தெரிந்தால் எண்டோஸ்கோபியில், நுனிக்கு ரப்பர் உறை மாட்டி, கிழிக்காமல் எடுத்துவிடலாம். மாத்திரையை உரித்துக் கிண்ணத்தில் வைத்துக் கொடுப்பது ஒரு வேலையா? வீட்டிலேயே எனிமா கொடுக்கும்போது முனை ஆசனவாய்க்கு மேல் சுவரைக் குத்துவதும் உண்டு. வாரக்கணக்கில் மலம் கல்லாகக் கட்டிக் கிடந்து புண்ணாகி ஓட்டை போடுவதும் உண்டு. மூட்டு வலிக்குத் தினம் தினம் விழுங்கும் மாத்திரை குடலிலும் புண் செய்யும், இரைப்பையில் மட்டுமல்ல.

எல்லா வயதிலும் கொலோனோஸ்கோபி செய்தே ஆக வேண்டுமா என்றால், இல்லை. அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்குப் புற்றுநோய்ச் சல்லடையாகச் செய்வதை 75 வயது வரைதான் எல்லோருக்கும் சொல்லலாம், 76 முதல் 85 வரை ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், அதற்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புக் குழு 2021-இல் சொன்னது. 'முழு உடல் பரிசோதனை' பாக்கேஜில் சேர்த்துக் கொடுக்கிறார்களே என்பதற்காக எண்பது வயதுத் தகப்பனாரைக் கொண்டுபோய்ப் படுக்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் ரத்தம் போகிறது, ரத்தம் குறைகிறது, எடை இறங்குகிறது, மலப் பழக்கம் மாறிவிட்டது என்றால் அது சல்லடை அல்ல, நோயைத் தேடுவது. பயந்துகொண்டு தள்ளிப் போடக் கூடாது. அக்காவின் பாலிப்பைச் சோதனைக்கு அனுப்பியதில், இன்னும் இரண்டொரு வருடம் விட்டிருந்தால் புற்றாக மாறியிருக்கும் ரகம் என்று வந்தது. போகுமுன் கேட்டுக்கொள்ள வேண்டியது மூன்று: ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நிறுத்துவதா, எப்போது, யாரைக் கேட்டு, ஓட்டை விழுந்தால் இங்கேயே கிளிப் போட ஆளும் சாமானும் உண்டா, சர்ஜன் உண்டா, ராத்திரி வலி வந்தால் எந்த நம்பர், எந்த வாசல்.

சாதாரண கிளிப் சில வாரங்களில் தானே கழன்று மலத்தோடு போய்விடும், போனது தெரியக்கூடத் தெரியாது. சில சமயம் மாதக்கணக்கிலும் தங்கும். தங்கியிருக்கும்போது எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால், கிளிப் இருக்கிறது என்று முன்னதாகச் சொல்ல வேண்டும். சில வகை காந்தத்துக்கு ஆகாது. அக்காவின் டிஸ்சார்ஜ் காகிதத்தில் கிளிப்பின் பெயரும் எண்ணிக்கையும் எழுதியிருக்கிறது. அதை அவள் ரேஷன் கார்டோடு சேர்த்து இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாள். போன மாதம் முட்டிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னபோது சாவியைத் தேடி அரைநாள் போயிற்று. இப்போது அந்தக் காகிதம் ஃபிரிட்ஜ் கதவில், மராத்திச் சொற்களுக்குக் கீழே ஒட்டியிருக்கிறது.